ஹ்யூகோ வீவிங் ஏன் ஹாலிவுட் கதாநாயகன் ஆகவில்லை?

கேள்வி இது: "மேட்ரிக்ஸில் ஏஜென்ட் ஸ்மித்தாகவும் லார்ட் ஆஃப் தி ரிங்ஸில் எல்ராண்டாகவும் வந்த ஹ்யூகோ வீவிங் இவ்வளவு நன்றாக நடித்தும் ஏன் பெரிய கதாநாயகன் ஆகவில்லை? அந்தப் படங்களைத் தவிர அவர் வேறு என்ன செய்திருக்கிறார்?"

அவர் கதாநாயகன்தான். என்ன, சிட்னியில். அமெரிக்கப் படங்கள் வழியாக மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு அது கண்ணில் படாது. முகமூடி போட்டவர், கறுப்புக் கண்ணாடி போட்டவர், காது நீண்ட தேவகணத்தவர், ரோபோவுக்குக் குரல் கொடுத்தவர் என்றுதான் தெரியும். ஆனால் ஆஸ்திரேலியத் திரைப்பட விருதில் சிறந்த நடிகர் பட்டம் 1991, 1998, 2005 என்று மூன்று முறை அவருக்குப் போயிருக்கிறது. துணை நடிகர் விருதும் பின்னாளில் பலமுறை. அதற்கு இணையாக சிட்னி மேடையில் நாற்பது ஆண்டுகளாக நாடகம் போட்டுக்கொண்டிருக்கிறார். என் கணக்கில் அவருடைய பெரிய வேலை மேடையும் சின்ன பட்ஜெட் ஆஸ்திரேலியப் படங்களும்தான். ஹாலிவுட் நடுநடுவே வந்துபோன ஒன்று.

1960 ஏப்ரல் 4 அன்று நைஜீரியாவின் இபாதான் நகரில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் ஊர் ஊராக மாறியது: நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, கடைசியில் 1976-இல் சிட்னி. பதினாறு வயதுக்குள் இத்தனை ஊர் பார்த்த பையனுக்கு எந்த ஊர்ப் பேச்சும் முழுதாக ஒட்டாது, எல்லா ஊர்ப் பேச்சும் கொஞ்சம் கைவசம் இருக்கும். பின்னாளில் அவர் குரலை வைத்துச் செய்த வித்தைகளுக்கு இதுவே அடித்தளம் என்று நினைக்கிறேன். பதின்மூன்று வயதில் வலிப்பு நோய் இருப்பது தெரியவந்தது. அதனாலேயே கார் ஓட்டுவதில்லை என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிட்னியின் தேசிய நாடகக் கலை நிறுவனத்தில் (அங்கே எல்லோரும் 'நைடா' என்றுதான் சொல்வார்கள்) சேர்ந்து 1981-இல் படிப்பை முடித்தார். வெளியே வந்ததும் மேடை.

நாடு முழுக்க அவர் முகம் பதிந்தது தொலைக்காட்சியில். 1984-இல் சேனல் டென்னில் 'பாடிலைன்' என்று ஒரு தொடர் வந்தது. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குக் கதை தெரியும். 1932-33 ஆஷஸ் தொடரில் பிராட்மேனைக் கட்டுப்படுத்த இங்கிலாந்து கேப்டன் டக்ளஸ் ஜார்டின் வகுத்த திட்டம் அது. லெக் பக்கம் ஆட்களைக் குவித்துவிட்டு வேகப்பந்து வீச்சாளர்கள் லார்வுட்டையும் வோஸையும் உடம்புக்கு நேராகப் பந்து எறியச் சொன்னார். அடிலெய்டில் ஆஸ்திரேலிய கேப்டன் வுட்ஃபுல்லின் நெஞ்சில் பந்து பட்டது, ஓல்ட்ஃபீல்டுக்கு மண்டையோடு உடைந்தது. இரண்டு நாட்டு உறவே ஆட்டம் கண்டது. அந்த ஜார்டினாக நடித்தது இருபத்து நாலு வயது ஹ்யூகோ வீவிங். பிராட்மேனாக கேரி ஸ்வீட்.

ஆஸ்திரேலியர்களுக்கு ஜார்டினைவிடப் பெரிய வில்லன் கிடையாது. கறுவிக்கொண்டு கத்துகிற மாதிரி நடித்துவிட்டுப் போயிருக்கலாம், பார்ப்பவர்களும் கைதட்டியிருப்பார்கள். வீவிங் அப்படிச் செய்யவில்லை. பல வண்ணப் பட்டைகள் போட்ட ஹார்லெக்வின் தொப்பியை வைத்துக்கொண்டு, முகவாயைத் தூக்கி, கூட்டம் ஊளையிடும்போது காதிலேயே விழாத மாதிரி நிற்பார். தான் செய்வது சரி என்று முழுசாக நம்புகிற மனிதனை அதில் பார்க்கலாம். தொடர் வரலாற்றில் நிறைய சுதந்திரம் எடுத்துக்கொண்டது என்ற குறை உண்டு, அது நியாயமான குறைதான். ஆனால் அந்த நடிப்பில் பின்னாளைய ஸ்மித்தின் விதை அப்படியே கிடக்கிறது. இன்னொன்று, நம் ஊர் வாசகர்களுக்கு: நிஜ ஜார்டின் பம்பாயில் பிறந்தவர். அவர் ஆடிய கடைசி டெஸ்ட் 1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் நடந்தது.

அடுத்து 1989-இல் நிக்கோல் கிட்மேனோடு 'பேங்காக் ஹில்டன்' உட்பட சில குறுந்தொடர்கள் வந்தன. அவற்றை வேகமாகத் தாண்டிவிடலாம். நிற்க வேண்டிய இடம் 1991.

ஜோசலின் மூர்ஹவுஸ் என்ற பெண் இயக்குநரின் முதல் முழுநீளப் படம் 'ப்ரூஃப்'. வீவிங் அதில் மார்ட்டின் என்ற பிறவிப் பார்வையற்றவர். இவர் புகைப்படம் எடுப்பார். எடுத்த படத்தில் என்ன இருக்கிறது என்று பார்வையுள்ள ஒருவரை விவரிக்கச் சொல்லி, அதை பிரெய்லில் அடித்துப் படத்தின் மேல் ஒட்டிவைப்பார். காரணம், சின்ன வயதில் ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று அம்மா சொன்னதை அவர் நம்பவில்லை. தன்னிடம் பொய் சொல்கிறார்கள் என்ற சந்தேகம் உடம்பெல்லாம் ஊறிப்போனவர். உலகம் அங்கேதான் இருக்கிறது என்பதற்கு அவருக்குச் சாட்சி வேண்டும். அந்த விவரிப்பவராக வருவது அப்போது பெரிதாக யாருக்கும் தெரியாத ரஸ்ஸல் குரோ.

பார்வையற்றவராக நடிக்கும்போது பலர் கண்ணை எங்கோ நிலைகுத்த வைத்துக்கொண்டு பரிதாபத்தைச் சம்பாதிப்பார்கள். வீவிங்கின் மார்ட்டின்மீது நமக்கு எளிதில் பரிதாபம் வராது. ஆள் கறார், கிண்டல் பேர்வழி. தன்னை விரும்பும் வீட்டுப் பணிப்பெண்ணை வேண்டுமென்றே நோகடிக்கிறவர். யாராவது நெருங்கி வந்தால் அவர் தோள் மட்டும் லேசாக இறுகும். அந்த இறுக்கத்திலேயே முழுக் கதையும் இருக்கிறது. அந்த ஆண்டு சிறந்த நடிகர் விருது இவருக்கு, துணை நடிகர் விருது குரோவுக்கு. ஒரே படத்திலிருந்து இருவர். குரோ சில ஆண்டுகளில் ஹாலிவுட் போய் நட்சத்திரமானார், இவர் சிட்னியிலேயே இருந்தார். உங்கள் கேள்விக்கான பதிலில் ஒரு பங்கு அங்கேயே இருக்கிறது.

1994-இல் 'பிரிசில்லா, குயின் ஆஃப் தி டெசர்ட்'. சிட்னியிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஒரு பழைய பேருந்தில் கிளம்புகிறார்கள் மூன்று பேர். பெண் வேடமிட்டு மேடையில் ஆடும் இருவர், திருநங்கை ஒருவர். ஸ்டீஃபன் எலியட் இயக்கம், டெரன்ஸ் ஸ்டாம்பும் கை பியர்ஸும் உடன் நடித்தார்கள். ஆஸ்கரில் உடையலங்கார விருது இந்தப் படத்துக்குத்தான். ஸ்டாம்பின் கண்ணியத்தையும் பியர்ஸின் அட்டகாசத்தையும் எல்லோரும் பேசுவார்கள். படத்தைத் தாங்குவது வீவிங்கின் டிக் என்ற பாத்திரம். அவனுக்கு மனைவி உண்டு, சின்னப் பையன் உண்டு. தான் என்ன தொழில் செய்கிறோம் என்று பையனுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்தைப் பயணம் முழுக்கச் சுமந்து வருகிறான். கடைசியில் பார்த்தால் பையனுக்கு எல்லாம் தெரியும், அதில் அவனுக்கு ஒரு சங்கடமும் இல்லை. அந்த இடத்தில் வீவிங்கின் முகத்தைக் கவனியுங்கள். நிம்மதி வருவதற்கு முன்னால் ஒரு கணம் வெட்கம் வந்து போகும்.

அடுத்த ஆண்டு 'பேப்' படத்தில் ரெக்ஸ் என்ற ஆட்டுக்காவல் நாய்க்குக் குரல் கொடுத்தார். குரலை வைத்தே ஒரு தனித் தொழில் நடத்தலாம் என்பது அதில் தெரிந்துவிட்டது.

இப்போது, நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கும் ஜோடிக்கு வருகிறேன். 1998-இல் கிரெய்க் மொனஹன் இயக்கிய 'தி இன்டர்வியூ'. போலீஸ் ஒருநாள் விடிகாலையில் எட்டி ஃபிளெமிங் என்ற வேலையில்லாத ஆளின் வீட்டை உடைத்துக்கொண்டு நுழைந்து அவனை இழுத்துக்கொண்டு போகிறது. அப்புறம் படத்தின் பெரும்பகுதி ஒரே விசாரணை அறை, ஒரு மேஜை, ஒரு பதிவுக் கருவி. ஆரம்பத்தில் எட்டி நடுங்குகிறான், பசி என்கிறான், எதற்குப் பிடித்தீர்கள் என்று கெஞ்சுகிறான். நமக்கு போலீஸ் மேல் கோபம் வருகிறது. பாதியில் அவன் நிதானமாகப் பேச ஆரம்பிக்கிறான். குரல் ஒரு படி இறங்குகிறது, முதுகு நிமிர்கிறது. இவ்வளவு நேரம் நாம் பார்த்த ஆள் யார் என்ற கேள்வி நம் முதுகில் ஏறுகிறது. மாறிய நொடி எது என்று தேடினால் கிடைக்காது. இரண்டாவது சிறந்த நடிகர் விருது இதற்கு. மான்ட்ரியல் திரைப்பட விழாவிலும் பரிசு கிடைத்தது.

அதே 1998-இல்தான் சிட்னியில் 'மேட்ரிக்ஸ்' படப்பிடிப்பு நடந்தது. படம் வெளியானது 1999-இல். அதிலும் விசாரணை அறை உண்டு, மேஜை உண்டு, கோப்பு உண்டு. இந்த முறை வீவிங் மேஜைக்கு அந்தப் பக்கம், கேள்வி கேட்கும் இடத்தில். இரண்டு படத்தையும் அடுத்தடுத்துப் பாருங்கள், ஒரு நடிகர் என்ன செய்கிறார் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எட்டியின் முகத்தில் ஓயாமல் ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். ஸ்மித் ஒரு கணினி நிரல், அவர் முகத்தில் எதுவும் ஓடாது. ஐம்பதுகளின் அமெரிக்கச் செய்தி வாசிப்பாளர் பாணியில், ஒவ்வொரு அசையையும் இழுத்து, எடைபோட்டு வைக்கிற பேச்சு. நாயகனை அழைக்கும் "மிஸ்டர் ஆண்டர்சன்" என்ற இரண்டே வார்த்தையை உலகமே திரும்பச் சொல்ல வைத்தார்.

ஆனால் ஸ்மித்தை நினைவில் நிறுத்துவது நாயகனின் குரு மார்ஃபியஸை நாற்காலியில் கட்டிவைத்துப் பேசும் காட்சிதான். மற்ற ஏஜென்ட்களை வெளியே அனுப்பிவிட்டுக் காதுக் கருவியைக் கழற்றுகிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். மார்ஃபியஸின் தலையில் வழியும் வியர்வையை விரலால் தொட்டு அந்த வாடையே தாங்கவில்லை என்கிறார். இந்த இடத்தை விட்டு வெளியே போக வேண்டும் என்கிறார். ஒரு கணினி நிரலுக்கு அருவருப்பும் விடுதலை ஆசையும் இருப்பதை அந்த ஒரு காட்சியில்தான் நம்புகிறோம். சண்டைக் காட்சிகளுக்காக ஹாங்காங் சண்டை இயக்குநர் யூன் வூ-பிங்கிடம் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தார்கள். அந்தப் பயிற்சியில் இடுப்பில் அடிபட்டு வீவிங்குக்கு அறுவை சிகிச்சையே நடந்தது. திரையில் அதெல்லாம் தெரியாது.

எல்ராண்ட் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. கம்பீரமாக இருந்தார், படம் எடுத்த நியூசிலாந்து அழகாக இருந்தது. அதைவிடக் கடினமான வேலை 'வி ஃபார் வெண்டெட்டா'. படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்களில் நாயகனாக நடித்த ஜேம்ஸ் பியூர்ஃபாய் விலக, அந்த இடத்துக்கு இவரை அழைத்தார்கள். கிட்டத்தட்டப் படம் முழுக்கச் சிரித்தபடி உறைந்த ஒரு முகமூடி. கண்ணும் இல்லை, வாயும் இல்லை. மிச்சம் இருப்பது தலையைச் சாய்க்கும் கோணம், கை, குரல். நாடக நடிகரைக் கூப்பிட்டது ஏன் என்று படம் பார்த்தாலே புரியும்.

அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படங்களில் மெகாட்ரான் என்ற ரோபோவின் குரல். அந்த வேலை தனக்குப் பொருளற்றதாக இருந்தது, இயக்குநரை நேரில் சந்தித்ததுகூட இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். 2011-இல் 'கேப்டன் அமெரிக்கா'வில் ரெட் ஸ்கல் என்ற வில்லன். அந்தப் பாத்திரம் 2018-இல் திரும்ப வந்தபோது வேறொரு நடிகர் செய்தார். ஒப்பந்தப் பேச்சில் முதலில் சொன்ன பணமும் பிறகு தருவதாகச் சொன்னதும் ஒத்துவரவில்லை என்று வீவிங் பின்னர் விளக்கினார். அவருக்கு அந்தப் பாத்திரத்தை மறுபடி செய்ய ஆசையும் இல்லை. இந்த இடத்தில் பலர் "நல்ல வாய்ப்பை விட்டுவிட்டார்" என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ஆண்டுகளில் அவர் வேறு என்ன செய்தார் என்று பார்த்தால் உங்களுக்கும் தோன்றாது.

சிட்னித் துறைமுகத்தில் வால்ஷ் பே என்ற பகுதியில் பழைய சரக்குக் கிடங்குகள் தண்ணீருக்குள் நீண்டு நிற்கும். அவற்றில் ஒன்றில் சிட்னி தியேட்டர் கம்பெனி இயங்குகிறது. வீவிங்கின் தாய்வீடு என்றே அதைச் சொல்லலாம். 2004-இல் அங்கே நடிகை கேட் பிளாஞ்செட்டோடு இப்சனின் 'ஹெடா காப்ளர்' செய்தார், 2006-இல் அது நியூயார்க்கின் புரூக்ளினுக்குப் போனது. 2010-இல் ஹங்கேரிய இயக்குநர் தமாஷ் ஆஷர் இயக்கிய செகாவின் 'வான்யா மாமா'. ரிச்சர்ட் ராக்ஸ்பர்க் வான்யா, பிளாஞ்செட் யெலேனா, வீவிங் டாக்டர் ஆஸ்த்ரோவ். வாஷிங்டனிலும் நியூயார்க்கிலும் அதைக் கொண்டாடினார்கள். 2013-இல் ராக்ஸ்பர்க்கும் இவரும் பெக்கெட்டின் 'கோடோவுக்காகக் காத்திருத்தல்' செய்தார்கள். அது 2015-இல் லண்டன் பார்பிகன் அரங்கு வரை போனது.

2014-இல் கிப் வில்லியம்ஸ் இயக்கிய 'மக்பெத்' தனிக்கதை. அரங்கத்தையே தலைகீழாக்கினார்கள். பார்வையாளர்களை மேடைமேல் உட்காரவைத்து, அவர்கள் உட்காரவேண்டிய நூற்றுக்கணக்கான காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நாடகம் நடந்தது. மக்பெத்துக்குப் பின்னால் ஒரு பெரிய வெறுமை வாய் பிளந்து நிற்கும். ஒரு கைப்பிடி நடிகர்கள் மற்ற பாத்திரங்களையெல்லாம் பங்குபோட்டுக்கொள்ள, வீவிங் மட்டும் தொடக்கம் முதல் முடிவு வரை மக்பெத்.

2018-இல் பிரெக்ட்டின் 'ஆர்த்துரோ உய்'. ஹிட்லரின் எழுச்சியை ரவுடிக் கூட்டத்தின் கதையாக்கிய நாடகம் அது. அதில் ஒரு காட்சி: பொதுமேடையில் எப்படி நடப்பது, எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொள்ள உய் ஒரு பழைய நாடக நடிகரை வரவழைக்கிறான். ஷேக்ஸ்பியரின் ஆன்டனி உரையை வைத்துப் பாடம் நடக்கிறது. கூனிக்குறுகி நடந்த ரவுடி, பாடம் முடியும்போது தலைவனாக எழுந்து நிற்கிறான். வாழ்நாள் முழுக்கக் குரலையும் உடம்பையும் பழக்கிய ஒரு நடிகர், எதுவும் தெரியாதவனாகத் தொடங்கிப் படிப்படியாகக் கற்றுக்கொள்வதாக நடிக்க வேண்டும். ஆஸ்திரேலிய மேடையின் பெரிய கௌரவமான ஹெல்ப்மன் விருது அவருக்குக் கிடைத்தது இதற்குத்தான்.

அதற்கு அடுத்த ஆண்டு டென்னசி வில்லியம்ஸின் 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்'. வீவிங் பிக் டாடி. மகன் பிரிக்காக நடித்தது அவருடைய சொந்த மகன் ஹாரி கிரீன்வுட். இரண்டாம் அங்கம் முழுக்க அப்பனும் மகனும் ஒருவரிடம் ஒருவர் உண்மையைப் பிடுங்கும் போராட்டம். மகன் ஏன் குடிக்கிறான் என்று அப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறார். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை மகன் கடைசியில் போட்டு உடைக்கிறான். நிஜ அப்பா மகனை வைத்து அதை ஒவ்வொரு இரவும் நிகழ்த்துவதற்குத் துணிச்சல் வேண்டும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேரடியான சான்று ஒன்று. நான்காவது மேட்ரிக்ஸ் படத்துக்கு வீவிங்கையும் கேட்டார்கள். அதே நேரத்தில் லண்டன் நேஷனல் தியேட்டரில் டியூரன்மாட்டின் 'தி விசிட்' நாடகம் அவருக்கு வந்திருந்தது. இரண்டையும் செய்துவிட முயன்றார், தேதிகள்கூடப் பேசினார்கள். கடைசியில் தேதி ஒத்துவராது என்று இயக்குநர் லானா வச்சோவ்ஸ்கி முடிவெடுக்க, வீவிங் நாடகத்துக்குப் போனார். லெஸ்லி மேன்வில் ஊருக்குத் திரும்பும் கோடீஸ்வரி, வீவிங் அவளை இளமையில் ஏமாற்றிய பழைய காதலன். 2020 பிப்ரவரியில் தொடங்கிய நாடகம் மார்ச்சில் கொரோனாவால் பாதியில் நின்றது. ஊர் திரும்பியவர் அதே ஆண்டு வெய்ன் பிளேரோடு 'வொனங்காட்டா' என்ற புதிய ஆஸ்திரேலிய நாடகத்தில் ஏறினார். பூட்டிக் கிடந்த சிட்னி தியேட்டர் கம்பெனி மறுபடி திறந்தது அந்த இருவர் நாடகத்தோடுதான்.

சின்னப் படங்களில் 'லிட்டில் ஃபிஷ்' பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 2005-இல் வந்தது. மேற்கு சிட்னியில் வியட்நாமியர்கள் நிறைய வாழும் கப்ரமட்டா பகுதியில் நடக்கும் கதை. வீவிங் அதில் ஒருகாலத்தில் கொடிகட்டிப் பறந்த ரக்பி வீரர், இப்போது ஹெராயினுக்கு அடிமை. போதை அடிமை என்றாலே நடுக்கமும் அலறலும் என்று போகாமல், எப்போதும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கும் ஒரு அன்பான மனிதனாகச் செய்தார். மூன்றாவது விருது. பிறகு பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட குழந்தைகளைப் பற்றிய 'ஆரஞ்சஸ் அண்ட் சன்ஷைன்', மூர்ஹவுஸோடு மறுபடி சேர்ந்த 'தி டிரெஸ்மேக்கர்', மெல் கிப்சனின் 'ஹாக்சா ரிட்ஜ்' ஆகிய மூன்றும் துணை நடிகர் விருது வாங்கித் தந்தவை. ஹாக்சா ரிட்ஜில் முதல் உலகப் போரில் நண்பர்களையெல்லாம் இழந்த குடிகார அப்பா. மகனைக் காப்பாற்றப் பழைய ராணுவச் சீருடையைப் போட்டுக்கொண்டு ராணுவ நீதிமன்ற வாசலுக்கு வரும் காட்சி போர்க்களக் காட்சிகளைவிட எனக்கு அதிகம் நினைவிருக்கிறது.

ஏன் கதாநாயகன் ஆகவில்லை என்றால், ஆவதற்கான வழியில் அவர் நிற்கவே இல்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறி, அடுத்தடுத்து வாய்ப்புக்காகக் காத்திருந்து, ஒரு பிம்பத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும். அவர் சிட்னியில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, வருடத்தில் பல மாதங்களை ஒத்திகைக்குக் கொடுத்தார். பெரிய படத்தின் சம்பளம் அவருக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கும் என்பது என் ஊகம். ஆஸ்கர் பரிந்துரை ஒன்றுகூட இல்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. எட்டி ஃபிளெமிங்குக்காவது கிடைத்திருக்க வேண்டும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? முதலில் 'ப்ரூஃப்', அடுத்து 'தி இன்டர்வியூ', உடனே ஒருமுறை பழைய மேட்ரிக்ஸ். மனம் தாங்கும் என்றால் 2018-இல் வந்த 'பேட்ரிக் மெல்ரோஸ்' குறுந்தொடர். பெனடிக்ட் கம்பர்பாட்சின் அப்பாவாக வருகிறார், பெற்ற பிள்ளையைச் சிதைக்கும் தகப்பன். குரலை உயர்த்தாமலே வீட்டில் உள்ள எல்லோரையும் பயத்தில் வைத்திருப்பார். குழந்தைகள்மீதான கொடுமை பற்றிய கதை என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். இலகுவாக ஏதாவது வேண்டும் என்றால் 2024-இல் வந்த 'ஸ்லோ ஹார்சஸ்' தொடரின் நான்காம் பாகம். ஃபிராங்க் ஹார்க்னஸ் என்ற அமெரிக்கக் கூலிப்படைத் தலைவனாக வருகிறார். அவன் யார் என்பது கதையின் முடிச்சு, அதனால் யாரிடமும் கேட்காமல் பாருங்கள்.